அம்மாகிட்டச் சொல்லாதே

உக்காருங்ணா, தாராளமா உக்காருங்க. ஆள் வராதுங்க. இந்த சீட்டு, அதுக்கு அடுத்தது, சன்னலோரம் இருக்கறது, மூணும் நம்முளுதுதான். நாலு பேருக்கு டிக்கெட் எடுத்து வெச்சிருந்தேன், இப்ப ஒருத்தனாத்தான் போறேன். பையக் காலுக்கடியில வெச்சுக்குங்க. கப்பலு போர்ட் பிளேர் போய்ச்சேர ரெண்டு மணி நேரம் ஆகும்.

நீங்க போன்ல பேசறப்பவே தமிழ்னு தெரிஞ்சுபோச்சு. அதான் கூப்பிட்டேன். எனக்கு ஹிந்தி சுத்தமா வராதுங்ணா. நீல் தீவுல ரெண்டு நாளா சாப்பாடு, தண்ணி, டீ, இந்த மூணு வார்த்தைய வெச்சே ஓட்டிட்டேன்.

குடும்பம் முன்னாலயே போயிருச்சுங்க. எங்கூட்டுக்காரி, பையன், பாப்பா. கொஞ்சம் அவசரம். எனக்கு மட்டும் பிளேன்ல டிக்கெட் கெடைக்கல, அதனால தங்கிட்டேன். வேற ஒண்ணுமில்ல.

என் பேரு பூபதிங்க. ஊரு சங்ககிரி. வேலை நாமக்கல் பக்கம் ஒரு ஸ்கூல்ல. ஹாஸ்டல் வார்டன். பதினொரு வருசமாச்சு. நானூத்திப் பன்னெண்டு பசங்க. நாலரைக்கு நான் விசில் அடிச்சேன்னா நாலே முக்காலுக்கு நானூத்திப் பன்னெண்டு போர்வையும் மடிச்சு, கட்டில் மேல ஒரே பக்கமா இருக்கோணும். இருக்கும். அப்பறம் கிரவுண்டுல அஞ்சு ரவுண்டு ஓட்டம். அப்பறம் குளியல், ஸ்டடி. ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான்.

பெருமைக்குச் சொல்லலீங்ணா, பசங்க மனசு எனக்குத் தெரியற அளவுக்கு வேற ஒருத்தருக்குத் தெரியாது. ஜூன் மாசம் கேட்டுகிட்ட நிப்பேன். அம்மாக்காரிங்க பையனக் கட்டிப் புடிச்சுக்கிட்டு விட மாட்டாங்க. நான் சொல்லுவேன், "திரும்பிப் பாக்காமப் போங்கம்மா. மூணு நாள் அழுவான். நாலாம் நாள் செட்டாயிருவான்." சொன்ன மாதிரியே செட்டாயிருவான்.

ஆனா எங்கூட்டுல ஒத்துக்க மாட்டா. வாணிங்க அவ பேரு. கோகிலவாணி. கூட்டுறவு சொசைட்டியில கிளார்க்கு. அவ சொல்லுவா, "உங்களுக்கு நானூத்திப் பன்னெண்டு புள்ளைங்களத் தெரியும், ரெண்டு புள்ளைங்களத் தெரியாது"ம்பா. என்னங்ணா பண்றது, ரெண்டு வாரத்துக்கு ஒருக்காத்தான் எனக்கு லீவு. ஞாயித்துக்கிழமை காலைல போனா பொழுதோட திரும்பிரோணும். அதுக்குள்ள முடி வெட்டக் கூட்டிட்டுப் போவேன், கறி எடுத்துக் குடுப்பேன், ரேங்க் கார்டு பாப்பேன். நானென்ன சும்மாவா இருக்கறேன்?

பையன் பேரு சர்வேஷ். எட்டு வயசு முடிஞ்சிருக்குது. மூணாவது முடிச்சிட்டான். பாப்பா ஆதிரா, நாலு வயசு. அண்ணன் வாலப் புடிச்சுக்கிட்டே திரியும். காலைல பல்லு வெளக்கி உடறதுல இருந்து செருப்பு மாட்டி உடறது வரைக்கும் அவன்தான். வாணி வேலைக்குப் போறவ, அவன் பாத்துக்குவான்.

அவனுக்கு மீனுன்னா உசுருங்க. தொட்டியில வளக்கறது இல்ல, கடல் மீனு. நம்மூர்ல கடல் ஏதுங்க? ஆனா லைப்ரரிப் புக்குல பாத்துப் பாத்து எல்லாப் பேரும் சொல்லுவான். நான் வீட்டுக்குப் போற அன்னைக்கு நான் சாப்பிடறப்ப எதுர்ல உக்காந்துக்கிட்டு, "அப்பா, கடலட்டைக்கு மூளையே கெடையாதுப்பா"ம்பான். நானும் "அப்படியா"ன்னுட்டு சாப்பிடுவேன்.

இந்தத் தடவை கூட்டிட்டுப் போறதுன்னு முடிவு பண்ணினேன். கல்யாணமாகி பத்து வருசத்துல குடும்பத்தோட எங்கயும் போனதில்ல. பழனிக்கும் மேட்டூர் டேமுக்கும் போனதெல்லாம் டூராகுமுங்களா? மார்ச் மாசம் வாணிகிட்ட அந்தமான் போலாம்னு சொன்னேன். அவ நம்பவே இல்ல. "நீங்களா? எட்டு நாளா? ஸ்கூலு?" அப்படீன்னா. ராத்திரி பாத்தா பையன் பள்ளிக்கூடப் பையக் காலி பண்ணிட்டு அதுல துணி அடுக்கிட்டு இருக்கறான். மே மாசத்துக்கு மார்ச்சுலயே.

நல்லாப் பிளான் பண்ணிட்டுத்தான் போனேன். அஞ்சு மணிக்கு எந்திரிக்கறது, அஞ்சரைக்கு கடற்கரை, எட்டுக்கு டிபன்னு ஒரு தாள்ல எழுதி, தங்கின ரூம்புல பீரோக் கதவுல ஒட்டிட்டேன். வாணி பாத்துட்டு சிரிச்சா. சிரிச்சாளேயொழிய, அவளும் அதும்படிதான் நடந்தா.

நீல் தீவுக்குப் போன மறுநாள் புதன்கெழமை. கடல் தண்ணி உள்ள வாங்கியிருந்துச்சு. பாறையெல்லாம் வெளிய தெரியுது, பாறைக் குழியில நம்ம வீட்டு அண்டாவுல இருக்கற மாதிரி தண்ணி நிக்குது. பையன் குப்புறப் படுத்துட்டான் பாருங்க பாறை மேல. எந்திரிக்கவே இல்ல. "அப்பா, இங்க வாங்க. அப்பா, இதப் பாருங்க. நட்சத்திர மீனுப்பா. கையி அறுந்தாக்கூட மொளைக்குமுப்பா இதுக்கு." பாப்பாவும் பக்கத்துல குப்புறப் படுத்துக்கிச்சு. நானும் படுத்தேனுங்ணா. இந்தத் தொப்பைய வெச்சுக்கிட்டு. ஒரு மணி நேரம். எங்க மூணு பேரு முதுகும் வெயில்ல தோலுரிஞ்சு போச்சு.

எட்டு மணி டிபன் விட்டுப்போச்சு. தாள்ல எழுதினது மொத மொதல்ல அன்னைக்குத்தான் தவறிப்போச்சு.

திரும்பி வரப்ப பையன் என் கைய எடுத்துத் தன் தோள் மேல போட்டுக்கிட்டான். அவ்வளவு சந்தோசமா இருந்தான். நான் நெனைச்சேன், சரி, இதுதான் நேரம். இப்பச் சொன்னா எதுக்கும் சரீம்பான்.

என்னத்தச் சொல்றதுக்குன்னு கேக்கறீங்களா? அத நான் இன்னும் சொல்லலையா.

ஜனவரி மாசம் ஒரு பேரண்ட் வந்தாரு. கரூர்க்காரரு. ஆபீஸ் ரூம்புல கரஸ்பாண்டண்ட்டு உக்காந்திருக்கறாரு, நான் நிக்கறேன். அந்த ஆளு நேரா என்னையப் பாத்து, "உங்க பையன் எங்க படிக்கறான் சார்?"னு கேட்டாரு. வீட்டுல இருந்து பக்கத்து ஸ்கூலுக்குப் போறான்னேன். அவரு எந்திரிச்சுப் போயிட்டாரு, பையனச் சேக்கல. அவரு போனதும் கரஸ்பாண்டண்ட்டு சொன்னாரு, "பூபதி, கறிக்கடைக்காரன் சைவம்னு சொன்னா எவன் கறி வாங்குவான்? உம்பட பையன் வர்ற ஜூன்ல இங்க இருக்கோணும். நாலாவதுல இருந்து ஹாஸ்டல் இருக்குதில்ல?"

நாயமான பேச்சுதானுங்களே? பிப்ரவரியில ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்.

வாணிகிட்டச் சொல்லல. சொன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். நல்ல நேரம் பாத்துச் சொல்லிக்கலாம்னு விட்டேன். அப்பறம்தான் இந்த டூர் யோசனை வந்துச்சு. மொதல்ல புள்ளைங்களுக்கு ஆசை தீரக் கடலக் காட்டிருவோம், மனசு நெறைஞ்சிருக்கும், அந்த நெறைவோட சேத்துட்டா அழுகாமப் போயிருவான். நாங்க ஸ்கூல்லயும் அப்படித்தான், சேர்ற அன்னைக்கு ஜாமூன் போடுவோம்.

சரி. புதன்கெழமை பொழுதோட வாணியும் பாப்பாவும் ரூம்புல தூங்கிட்டாங்க. நானும் அவனும் கடற்கரையில உக்காந்திருந்தோம். சொன்னேன். பெரிய மனுசங்கிட்டப் பேசற மாதிரிதான் பேசினேன். "சாமி, ஜூன்ல இருந்து நீ அப்பாவோட ஸ்கூல்ல படிக்கப் போற. அப்பாகூடவே இருக்கலாம். ரெண்டு வாரத்துக்கு ஒருக்காப் பாக்கறதில்ல, தெனமும் பாக்கலாம்."

அவன் மொகம் அப்படியே மலந்துச்சுங்ணா. நெசமாத்தான். "உங்க ரூம்புலயாப்பா?"ன்னான். இல்ல சாமி, டார்மெட்ரியில, மத்த பசங்களோடன்னேன். காலைல போர்வை மடிக்கறது, அஞ்சு ரவுண்டு ஓட்டம், எல்லாத்தையும் எடுத்துச் சொன்னேன். "பாப்பா?" பாப்பா அம்மாகிட்ட இருக்கும்னேன். கொஞ்ச நேரம் மணலக் கிண்டிட்டு இருந்தான். அப்பறம் கேட்டான், "அங்க உங்கள அப்பான்னு கூப்பிடலாமாப்பா?"

நான் பொய் சொல்ல மாட்டேனுங்ணா புள்ளைங்ககிட்ட. அது என் பழக்கம். "அங்க சார்னுதான் கூப்பிடோணும் சாமி. இல்லீன்னா மத்த பசங்களுக்கு ஏக்கமாயிரும்"னேன்.

"சரி"ன்னான். அவ்வளவுதான். அழுகவே இல்ல. அப்பறம் நான்தான் சொன்னேன், "அம்மாகிட்ட இப்பச் சொல்லாத. நாம ரெண்டு பேரும் ஊருக்குப் போயிச் சொல்லிக்கலாம். இது ஆம்பளைங்க சமாச்சாரம்." அதுக்கும் சரின்னான். எனக்கு அவ்வளவு நிம்மதி. எட்டு வயசுல என்ன பக்குவம் பாருங்கன்னு நெனைச்சுக்கிட்டேன்.

இருங்க, டீ வந்திருச்சு. உங்களுக்கும் ஒண்ணு வாங்கட்டுமா? காசு நான் குடுக்கறேன், உங்களுது உள்ள வெச்சுக்குங்க.

மறுநாள் காலைல நான் அஞ்சு மணிக்கு எந்திரிச்சுப் பாத்தா அவன் போர்வை மடிச்சிருக்குது. கட்டில் கால்மாட்டுல, மடிப்பு ஒரே பக்கமா. குளிச்சு, தலை சீவி, கதவோரம் நிக்கறான். "என்ன சாமி, நேரத்துலயே எந்திரிச்சுட்ட?"ன்னேன். "பிராக்டிஸ் பண்றேன் சார்"னான்.

எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. தட்டிக் குடுத்தேன். ஆமாங்ணா, தட்டித்தான் குடுத்தேன்.

அன்னைக்கு முழுக்க சார்தான். "சார், தண்ணி வேணும்." "சார், நான் இங்க உக்காரலாமா?" வாணி வெளையாட்டுன்னு நெனைச்சா. "வார்டன் சார், உங்க ஸ்டூடண்ட்டுக்கு இட்லி பத்தலயாம்"னு அவளும் கிண்டல் பண்ணினா. இட்லின்னா நம்மூர் இட்லி இல்ல, அங்க ஒரு பெங்காலிக்காரர் சுட்டது, கல்லு மாதிரி. பையன் வெச்ச மூணையும் தின்னுட்டு, தட்டை எடுத்துட்டுப் போயிக் கழுவி வெச்சான். மீனப் பத்தி ஒரு வார்த்தை பேசல. அடியில கண்ணாடி வெச்ச படகுல போனோம். கீழ அத்தன மீனு போகுது, பாப்பா கத்துது, "அண்ணா அண்ணா, அது என்ன மீனு?"ன்னு. அவன், "தெரியல பாப்பா"ங்கறான். அவனுக்கா தெரியாது?

எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. ஆனா நான் என்ன நெனைச்சேன்னா, செட்டாகறான்னு நெனைச்சேன். எங்க கணக்குல அதுக்குப் பேரு அதுதானுங்க.

வெள்ளிக்கெழமை அவன் பாப்பாவ உக்கார வெச்சு செருப்பு மாட்டச் சொல்லிக் குடுக்கறான். மாட்டி உடறதில்ல, சொல்லிக் குடுக்கறான். "இந்தப் பட்டிய இதுக்குள்ள உடு. உட்டுட்டு இழு. இல்ல, மறுபடியும்." பாப்பா அழுகுது. "நீயே போட்டு உடு"ங்குது. அவன் உடல. "நீயே போடோணும்"கறான். பாத்ரூம் தாப்பாள எட்டித் தொறக்கறதுக்கு ஸ்டூல் போடச் சொல்லிக் குடுத்தான். வாணி கேட்டா, "ஏன்டா அவள இந்தப் பாடு படுத்தற?" "சும்மாம்மா"ன்னுட்டு என்னையப் பாத்தான். நான் ஜாடையா வாயில வெரல் வெச்சேன்.

அத வாணி பாத்துட்டா. ஆனா கேக்கல அப்ப.

சனிக்கெழமை. அங்க அஞ்சு மணிக்கெல்லாம் பளபளன்னு விடிஞ்சிரும், பாத்திருப்பீங்க. வாணி எழுப்பினா. "சர்வேஷக் காணோம்"னா. போர்வை மடிச்சிருக்குது. கதவு வெறுமனே சாத்தியிருக்குது. எதுர்ல நூறடியில கடலு.

பதினொரு வருசத்துல ஹாஸ்டல்ல பசங்க செவுரேறிக் குதிச்சு ஓடியிருக்கறாங்க, ராசிபுரம் பஸ் ஸ்டாண்டுல போயிப் புடிச்சுட்டு வந்திருக்கறேன். பதட்டமே இருக்காது. எங்க போவான், எந்த பஸ் ஏறுவான், எல்லாம் தெரியும். இங்க எனக்கு ஒண்ணுமே தெரியல. பேரச் சொல்லிக் கத்தறேன். வாணி பாப்பாவ இடுப்புல வெச்சுக்கிட்டு வெறுங்காலோட அந்தப் பக்கம் ஓடறா, நான் இந்தப் பக்கம் ஓடறேன். அப்பறம் என்ன தோணுச்சோ, திரும்பி அவ பின்னாலயே ஓடினேன்.

ஒரு மைலு இருக்கும். பாறைக்குப் பக்கத்துல எளநி விக்கற ஒரு பெங்காலியம்மா நிக்குது. கைய ஆட்டிக் கூப்புடுது. அங்க பாத்தா, ஓடிட்டு இருக்கறான். எளநிக் கொட்டாயில இருந்து பாறை வரைக்கும், பாறையில இருந்து கொட்டாய் வரைக்கும். தண்ணி ஏறிட்டு வருதுங்ணா. பாறைகிட்டப் போறப்ப முழங்காலு வரைக்கும் தண்ணியில ஓடறான். வாயெல்லாம் வெளுத்துப்போச்சு. டிரவுசரெல்லாம் நனைஞ்சு தொங்குது. அந்தம்மா எளநி வெட்டி வெச்சுக்கிட்டு நிக்குது, வாங்கிக்க மாட்டேன்னுட்டானாம். ஜாடையில காட்டுச்சு.

வாணி போயிக் குறுக்க நின்னு புடிச்சா. அவன் திமிறிக்கிட்டு என்னையப் பாத்துச் சொல்றான், "இன்னும் ரெண்டு ரவுண்டு இருக்குது சார். பசங்க அஞ்சு ஓடுவாங்கன்னு சொன்னீங்கல்ல."

வாணி என்னையப் பாத்தா. எந்தப் பசங்கன்னு அவ கேக்கல. அவளுக்கு எல்லாம் அந்த ஒரு நிமிசத்துல தெரிஞ்சுபோச்சு.

மணல்லயே உக்காந்தா. அவன மடியில போட்டு முந்தானையில தொடச்சா. தொடச்சுக்கிட்டே, என்னையப் பாக்காமக் கேட்டா.

"எப்பக் கையெழுத்துப் போட்டீங்க?"

"பிப்ரவரியில."

"டூர் போலாம்னு மார்ச்சுல சொன்னீங்க."

அப்பறம் அவன் பக்கம் குனிஞ்சு கேட்டா.

"கண்ணு, உனக்கு எப்பத் தெரியும்?"

அவன் என்னையத்தான் பாத்தான். சொல்லலாமா வேண்டாமான்னு எங்கிட்ட உத்தரவு கேக்கறானுங்ணா. அப்பறம் அவனே, "புதன்கெழமை. உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு சார் சொன்னாரும்மா"ன்னான்.

அவ கத்துவாள்னு நெனைச்சேன். வாணி கத்தினா எனக்குப் பதில் சொல்லத் தெரியும். அவ கத்தல. "அஞ்சு மாசமா எங்கிட்டச் சொல்றதுக்கு உங்களுக்கு தைரியம் வல்ல. அதத் தூக்கி எட்டு வயசுப் பையன் தலையில வெச்சு, தூக்கிட்டு நில்லுடான்னு சொல்லியிருக்கறீங்க. அவன் மூணு நாளா ஒத்தையில நின்னிருக்கறான்"னா. அவ்வளவுதான் சொன்னா.

பிப்ரவரிக்கும் மே மாசத்துக்கும் அஞ்சு மாசம் வராதுன்னு சொல்லலாம்னு வாய்க்கு வந்துச்சு. நல்ல வேளை, சொல்லல.

அன்னைக்கு மத்தியானக் கப்பல்ல கெளம்பிட்டா. நானும் பொட்டியக் கட்டிட்டேன். அவ போன்ல பிளேன் டிக்கெட் பாத்துட்டு இருந்தா, நான் பின்னால நின்னு எட்டிப் பாத்தேன். உங்ககிட்ட மொதல்ல டிக்கெட் கெடைக்கலைன்னு சொன்னேனுங்களா? இருந்துச்சுங்ணா. நெறைய இருந்துச்சு. "மூணு போதும்"னா. கப்பல்ல ஏறறப்பப் பாப்பா அழுதுச்சு, "அப்பா வரட்டும்"னு. பையன் அழுகல. பாப்பாகிட்ட, "அவருக்கு வேலையிருக்குது பாப்பா"ன்னு சமாதானம் சொல்லிக் கூட்டிட்டுப் போறான்.

அப்பறம் நான் என்ன பண்ணினேன்னு கேக்கறீங்களா? சொன்னா சிரிப்பீங்க. பீரோவுல ஒட்டின தாளுப்படி நடந்தேன். சனிக்கெழமை நாலு மணிக்குக் கடற்கரைன்னு போட்டிருந்துச்சு, போனேன். ஞாயித்துக்கெழமை காலைல பாறைன்னு போட்டிருந்துச்சு, அங்கயும் போனேன். குழியில எட்டிப் பாத்தேன். கருப்பா ஒண்ணு, நீலமா ஒண்ணு, முள்ளு முள்ளா ஒண்ணு. எதுக்கும் பேரு தெரியல எனக்கு. போட்டோ எடுத்து வெச்சிருக்கறேன். இது என்னன்னு தெரியுங்களா உங்களுக்கு? தெரியாதா. பரவால்லீங்க.

நேத்து பொழுதோட போன் பண்ணினேன். ஊருக்குப் போயிச் சேந்துட்டாங்க. வாணி எடுத்து, பேசாம பையங்கிட்டக் குடுத்துட்டா. "சொல்லுங்க சார்"னான். நான் சொன்னேன், "சாமி, வீட்டுல இருக்கறப்ப அப்பான்னு கூப்புடு. எப்பவும் போல கூப்புடு"ன்னேன். அவன் கொஞ்சம் யோசிச்சான். அப்பறம் நல்லதனமாத்தான் சொன்னான், கோவமெல்லாம் இல்ல. "வேண்டாம் சார். இப்ப அப்பான்னு கூப்பிட்டுட்டா ஜூன்ல மறுபடியும் மாத்தோணும். எனக்கு மறந்துரும். பசங்க முன்னால தப்பா வந்துரும். இப்படியே இருக்கட்டும்."

ராத்திரி தூக்கமே வல்லீங்ணா. ஒரு பையன் ஞாபகம் வந்துச்சு. எங்க ஹாஸ்டல்ல, ஆறாவது. பேரு தினகரன். சேந்த புதுசுல தெனமும் போனுக்கு வரிசையில நின்னு அழுவான். அப்பறம் ஒரு வாரத்துல போனுக்கு வர்றதையே விட்டுட்டான். அவங்கப்பா வெளிநாட்டுல இருந்து கூப்பிட்டு, "பையன் பேச மாட்டேங்கறானே சார்"னு கேட்டாரு. "அப்படீன்னா நல்லா செட்டாயிட்டான்னு அர்த்தங்க"ன்னேன். ரிப்போர்ட்டுலயும் அப்படித்தான் எழுதினேன். "நன்கு பொருந்திவிட்டான்." அடியில பச்சை மையில என் கையெழுத்து. அந்தப் பையன் மொகத்த இப்ப நெனைச்சுப் பாக்கறேன், மொகம் ஞாபகத்துக்கு வர மாட்டேங்குது. போர்வை மடிச்சு வெச்சிருப்பான், அது மட்டும் ஞாபகமிருக்குது. நல்லா மடிப்பான்.

இல்லீங்க, ஹாஸ்டல் தப்புன்னு நான் சொல்ல வரல. எத்தனையோ பேரு அங்க படிச்சு டாக்டராயிருக்கறாங்க. எங்களுக்குப் பத்திரிகை வெக்கறாங்க கல்யாணத்துக்கு. அதத் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன்.

ஆனா காலைல எட்டு மணிக்கு கரஸ்பாண்டண்ட்டுக்கு போன் போட்டுட்டேன். பையனச் சேக்கல சார், ஃபாரத்தத் திருப்பிக் குடுத்துருங்கன்னேன். "அப்ப ஜூன் மாசம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு கேட்டுகிட்ட நிப்பீங்க?"ன்னாரு. நான் அதத்தான் சார் யோசிக்கறேன்னேன். "யோசிக்க வேண்டாம். புதன்கெழமை வந்து சாவிய ஒப்படைச்சுட்டுப் போங்க"ன்னாரு.

ஆமாங்ணா. வேலை போச்சு. பதினொரு வருசம்.

வாணிகிட்டயா? இன்னும் சொல்லலீங்க. இப்பவே சொன்னா பயந்துக்குவா. ஊருக்குப் போயி, ரெண்டு நாள் கழிச்சு, அவ மனசு கொஞ்சம் ஆறினப்பறம் நல்ல நேரம் பாத்துச் சொல்லிக்கலாம்னு...

என்ன அப்படிப் பாக்கறீங்க?

...

நீங்க சொல்றது எனக்குப் புரியுதுங்க. புரியுது. மறுபடியும் அதையேதான் பண்றேன். அவளுக்குத் தெரியறதுக்கு முன்னால, பேரு ஊரு தெரியாத உங்ககிட்ட உக்காந்து எல்லாத்தையும் கொட்டிட்டேன். எனக்கென்னமோ, கூட இருக்கறவங்ககிட்டச் சொல்றதுதான் வாய் வர மாட்டேங்குது. விசில் அடிச்சே பழகிப்போச்சு.

டவர் இருக்குதுங்களா உங்க போன்ல? எனக்கும் ரெண்டு கோடு காட்டுது. கரை பக்கத்துல வந்திருச்சு போல. கொஞ்சம் இருங்க. எந்திரிச்சுப் போக வேண்டாங்ணா, இங்கயே இருங்க. ரிங் போகுது.

ஹலோ. வாணி. நான்தான். வெச்சுராத. ஒரே ஒரு விசயம். ஃபாரத்த வாபஸ் வாங்கிட்டேன். ஆமா, காலைல. ... ம். ... வேலையும் போச்சு, புதன்கெழமை சாவி குடுக்கோணும். ... இல்ல, நீ திட்டல, எனக்குத் தெரியுது. ... இன்னைக்குத்தான், எட்டு மணிக்கு. ... உனக்கு முன்னாடி ஒருத்தருகிட்டச் சொல்லிட்டேன், கப்பல்ல பக்கத்துச் சீட்டுல. ... தெரியும். தப்புதான். ... சரி. ... சரி. ... பேசறானா? குடு.

சாமி... அப்பாதான். ... ஆமா சாமி, போக வேண்டாம். நீ உங்க ஸ்கூலுக்கே போ. ... பாப்பா என்ன பண்ணுது? ... ஆமா, நாளைக்குப் பிளேனு, நாளன்னைக்கு வீட்டுக்கு வந்துருவேன். ...

...

அண்ணா, அவன் ஒண்ணு கேக்கறான். சார்னும் சொல்லல, அப்பான்னும் சொல்லல. "வந்துட்டு, எத்தன நாளைக்கு இருப்பீங்க?"ன்னு கேக்கறான்.

அந்தப் பக்கம் போனக் காதுல வெச்சுக்கிட்டு நிக்கறானுங்ணா. என்ன சொல்லட்டும்?